மேல என்றால் எந்தப் பக்கம்

போன மாதம் ஆலங்காயத்தில் எங்கள் ஆபீசுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பக்கம் போனால் உரக்கடை மாடியேறி, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அன்றைக்கு, இப்போது என் வேலையைச் செய்கிற சரண்யா என்னைக் கூப்பிட்டு ஒரு புதுப் பட்டனைக் காட்டினாள். அதை ஒரு தட்டுத் தட்டினால் இந்தப் பக்கம் கேட் என்கிற கோட்டுப் படத்தில் இருக்கும் கட்டடம் அந்தப் பக்கம் ரெண்டரிங் என்கிற வண்ணப் படத்தில் நிமிர்ந்து நிற்கிறது. இங்கே எந்த இடத்திலிருந்து பார்க்கிறோமோ, அங்கேயும் அதே இடத்திலிருந்து தெரிகிறது. நான் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"அப்போ நீங்க நாள் பூரா இன்னாதான்கா பண்ணினு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானது. பதில் நீளம். சொன்னால் எழுதிக்கொள்கிறேன், ஆபீசில் போடும் புத்தகத்தில் சேர்க்கலாம் என்றாள். நான் படித்தது மூன்றாவது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதினால் வரி மலைப்பாதை மாதிரி வளைந்து போகும். அதனால் அவள் எழுதினாள். நான் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, எனக்குப் பிடிக்காத இடத்தையெல்லாம் மாற்றச் சொன்னேன். அதனால் இதில் இருப்பது என் பேச்சுத்தான்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீடு கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் அதை இரண்டு விதமாகச் செய்வோம். ஒன்று கேட், வாசல் கேட் இல்லை, வரைபட சாஃப்ட்வேர். அதில் சுவர், ஜன்னல், படி எல்லாம் அளவு பிசகாமல் கோடு கோடாக இருக்கும். இன்ஜினியருக்கும் மேஸ்திரிக்கும் அது போதும். வீடு கட்டுகிறவருக்குப் போதாது. அவருக்குப் பெயிண்ட் அடித்து, வெயில் விழுந்து, வாசலில் செம்பருத்தி பூத்து, போட்டோ எடுத்தது போல வேண்டும். அதற்கு ரெண்டரிங் என்று இன்னொன்று. கேட்டில் செய்த கட்டடத்தை அங்கே கொண்டுபோவோம். கொண்டுபோன உடனே அது குப்புற விழுந்துவிடும். முன்வாசல் மண்ணில், கூரை நம் முகத்துக்கு நேரே.

காரணம் இதுதான். இரண்டிலும் ஒரு மூலையில் மூன்று அம்புகள் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம். கேட்டில் நீலம் வானத்தைப் பார்க்கும், பச்சை வடக்கைப் பார்க்கும். எங்கள் ரெண்டரிங்கில் பச்சைதான் வானம். கேட்டில் வடக்கே இருந்ததெல்லாம் இங்கே வானத்துக்குப் போய்விடும், கட்டடம் முகம் குப்புறக் கிடக்கும். சிவப்பு அம்பைப் பிடித்துக் கால் வட்டம் திருப்பினால் எழுந்து நிற்கும். தவறான பக்கம் திருப்பினால் தலைகீழாக நிற்கும். என் பெயர் பச்சையம்மாள். கேட் வரைகிற தமீம் வாணியம்பாடிக்காரன், வாய் சும்மா இருக்காது. கட்டடம் விழுந்த சத்தம் கேட்டது மாதிரி காதைப் பொத்திக்கொண்டு, "பச்ச மேல போய்டுச்சு, பச்சம்மாக்காவ கூப்புடு" என்பான்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. மலையில் பிறந்து அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டேன். மகளிர் குழுவில் தையல் கற்றேன். ரோசலின் மேடம் ஆபீஸ் திறந்தபோது, பழைய வரைபடங்களின் மேல் மவுசால் கோடு இழுக்கப் பெண்கள் வேண்டும் என்றார். எழுத்துத் தெரிய வேண்டாம், கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான். கை எனக்கு எப்போதும் நடுங்கியதில்லை. ஆங்கில எழுத்துகளை உருவத்தை வைத்துப் பழகினேன். எக்ஸ் கத்தரிக்கோல், ஒய் கவட்டை, இசட் புடவை மடிப்பு. கோடு இழுத்து இழுத்துக் கட்டடத்துக்குள் வந்துவிட்டேன். தையலில் துணிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் பார்த்துப் பழகியவளுக்குக் கட்டடத்துக்கு முன் பின் பார்க்கக் கஷ்டமாக இல்லை. பயிற்சி இவ்வளவுதான்.

ரோசலின் மேடத்தைப் பற்றி மட்டும் அவசரமாகச் சொல்ல மாட்டேன்.

அவர் கிறிஸ்தவர், அடிவாரத்து வேதக்கோயில் ஊர்க்காரர். ஒல்லி, நல்ல உயரம், கைத்தறிப் புடவை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருப்பார். யார் செய்ததையும் தப்பு என்று சொல்ல மாட்டார். பின்னால் வந்து நிற்கவும் மாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, நம் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குத் தன் தலை வருகிற மாதிரி உட்காருவார். மவுசைத் தொட மாட்டார். திரையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, "நீங்க இப்போ எங்க நிக்கறீங்க, பச்சையம்மா?" என்பார்.

முதல் சில நாள் அது எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து எங்கே நிற்கிறாய் என்றால் என்ன சொல்வது. பிறகு புரிந்தது. படத்துக்குள் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்கிறார். படத்துக்குள் இருந்து பார்க்கிற கண்ணைக் கேமரா என்போம். கேட்டில் அது வாசலுக்கு நேரே நிற்கிறது, நானோ மாமரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். அது தெரிந்த பிறகு பாதி வேலை சுலபம்.

இன்னொரு வார்த்தை அவருக்கு உண்டு: "யாருக்கு?" எங்கள் ஆபீசில் வலது, இடது என்று சும்மா சொல்லிவிட முடியாது. யாருக்கு வலது? கட்டடத்துக்கா, பார்க்கிறவனுக்கா? ஒருமுறை மதியச் சாப்பாட்டில் தமீம் சாம்பார் வாளியை வலது பக்கம் தள்ளச் சொன்னான். மேடம் நிமிராமல் யாருக்கு என்றார். அவன் சாம்பாரே வேண்டாம் என்று மோர் ஊற்றிக்கொண்டான்.

இரண்டு படமும் ஒன்றுதானா என்று பார்க்க எங்களிடம் ஒரு முறை இருந்தது. கேட்டில் தெரிகிற காட்சியைக் கோட்டுப் படமாக எடுத்து, கண்ணாடித் தாள் போல ரெண்டரிங் படத்தின் மேல் வைப்போம். கோட்டின் மேல் கோடு உட்கார வேண்டும். உட்காராவிட்டால், எப்படி உட்காரவில்லை என்று பார்க்க வேண்டும். எல்லாமே நடுவிலிருந்து ஒரே விகிதத்தில், சப்பாத்தி மாவு தேய்த்த மாதிரி பெருத்திருந்தால், நிற்கிற இடம் சரி, கண்ணைத் திறந்த அகலம்தான் தப்பு. கேட்டில் அதை லென்சின் அளவாகச் சொல்வார்கள், ரெண்டரிங்கில் கோணமாகக் கேட்பார்கள், அதில் பிசகியிருக்கும். அப்படியில்லாமல் தூரத்தில் இருப்பது சரியாக உட்கார்ந்து, கிட்ட இருப்பது மட்டும் நகர்ந்திருந்தால், நிற்கிற இடமே தப்பு. மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது ஓரத்துப் புளியமரம் ஓடும், தூரத்து முகடு நகராமல் கூடவே வரும். அதே கணக்கு.

கட்டடம் நிமிர்ந்துவிட்டால் மட்டும் போதாது. சில சமயம் கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறி நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வீடு என்றால் யாருக்கும் தெரியாது. கட்டும்போது படி எதிர்ப்பக்கம் போய்விடும். அதற்காகத் தமீம் ஒரு ஆளைச் செய்தான். தலையில் முண்டாசு, முகம் கிழக்கே, வலது கை மட்டும் தூக்கியிருக்கும். எல்லாக் கட்டடத்தின் கூரையிலும் ஒரு மூலையில் அவனை நிறுத்தி அனுப்புவான். படுத்திருந்தால் தெரியும், திரும்பியிருந்தால் தெரியும், இடது கை தூக்கியிருந்தால் கட்டடம் மாறிப்போய்விட்டது என்று தெரியும். முனியன் என்று அவனுக்குப் பெயர் வைத்தவள் நான். படம் முடிந்ததும் முனியனை மறைத்துவிட வேண்டும்.

படவேட்டுப் பக்கம் கரும்பு வைத்திருந்த ஒருவர் வீட்டுப் படத்தில் முனியனை மறைக்க மறந்துபோனோம். அவர் நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். படத்தை மேசைமேல் விரித்து, "என் வூட்டு மொட்டமாடில கையத் தூக்கினு நிக்கறானே, யாருங்க இவன்?" என்று கேட்டார்.

எல்லோரும் கீழே பார்த்தோம். மேடம் கண்ணாடியை மாட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, நிதானமாக, "காவலுக்குங்க" என்றார்.

வந்தவர் படத்தை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தார். "நல்லாதான் கீறான். இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு கட்டி முடித்துப் புதுமனைக்குக் கூப்பிட்டார், போனோம். மொட்டை மாடி மூலையில் சிமெண்டில் முனியன் நிற்கிறான், முண்டாசுக்குச் சிவப்புப் பெயிண்ட், வலது கை தூக்கி, முகம் கிழக்கே. தமீம் இரண்டு முறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, அளவுகூடச் சரியாக இருக்கிறது என்றான். அன்றைக்குச் சாப்பிட்ட பாயசம் இன்னும் எனக்கு நாக்கில் இருக்கிறது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஆலங்காயத்திலிருந்து மலையேறினால், மேற்குச் சரிவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே பள்ளிக்கூடம் அஞ்சாவது வரைதான். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் ஜமுனாமரத்தூர் போய் விடுதியில் தங்க வேண்டும். பையன்களில் சிலர் போவார்கள், பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். நான் பிறந்த ஊரில் மூன்றாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதோடு நானும் முடித்தேன். அதனால் ஒரு அறக்கட்டளை அந்த ஊரில் எட்டாவது வரைக்கும் கட்டடம் கட்டித் தருகிறது, படம் நாம்தான் போடுகிறோம் என்று மேடம் சொன்னபோது, என்னிடம் கொடுங்கள் என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சிக்கல் இடத்தில் இருந்தது. அந்த ஊரில் சமமான நிலம் ஒன்றே ஒன்றுதான், அம்மனுக்கு எதிரே. அம்மனுக்குக் கோபுரம் கூரை எதுவும் கிடையாது. மரத்தடியில் ஒரு கல், வெள்ளிக் கண், பக்கத்தில் ஒரு சூலம். வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் பார்வைக்கு நேரே, தூரத்தில் ஒரு முகடு. அது அவளுக்கு அண்ணன். வருசா வருசம் திருவிழா அன்று பொழுது சாயும்போது அந்த முகட்டுப் பாறையில் விளக்கு ஏற்றுவார்கள். அண்ணன் தங்கச்சிக்கு அனுப்புகிற சீர் அது. அவள் கண் அதைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் ஊரில் இலை போடுவார்கள்.

ஊர்க் கவுண்டர் அறக்கட்டளைக்காரர்களிடம் சொன்னது இது: "பள்ளிக்கூடம் வாணான்னு எவன் சொல்வான்? கட்டுங்க. ஆனா அவ கண்ணுல இருந்து பாத்தா அண்ணன் தெரியணும். தெரியும்னு படத்துல காமிங்க, அப்பால கடக்கால் தோண்டுங்க."

அறக்கட்டளை கண்டிப்பாக இருந்தது. இந்த ஊர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டடம் வேறு மலை ஊருக்குப் போய்விடும். அங்கே கேட்டுக் காத்திருக்கிறார்கள். ஆக, ஒரு படத்தில்தான் எல்லாம். அம்மன் கண் இருக்கும் இடத்தில் கேமராவை வைத்து எடுத்த ஒரே படம்.

நிலம் அளந்தவரைப் பூசாரி அம்மனுக்குக் கிட்டே விடவில்லை. அவர் சூலத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மன் சரியாக எங்கே என்று தமீம் போன் போட்டுக் கேட்டான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது. கவுண்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "அம்மா சூலத்துக்கு ஒரு ஆள் நீட்டு மேல கீறா. கண்ணு மண்ணுல இருந்து ஒரு மொழம்."

தமீம் அவன் கேட்டில் கேமராவை வைத்தான். நான் காத்திருக்கவில்லை, அதே பேச்சைக் கேட்டு என் ரெண்டரிங்கில் நானே வைத்தேன். பிறகு அவன் கோட்டுப் படத்தை அனுப்பினான், மேலே போட்டுப் பார்த்தேன். முகடு முகட்டின் மேல் உட்கார்ந்தது. கட்டடம் நகர்ந்திருந்தது. கட்டடத்துக்கு முன்னால் இருந்த படி அதைவிட நகர்ந்திருந்தது. தூரம் சரி, கிட்டம் தப்பு. இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறோம்.

அதுவாவது பரவாயில்லை. தமீம் படத்தில் கட்டடத்துக்கு இடப்பக்கம் அண்ணன் தலை முதல் கால் வரைக்கும் தெரிந்தான். என் படத்தில் கட்டடம் அவனை முழுசாக விழுங்கிவிட்டிருந்தது.

"அக்கா, நீ எங்கியோ தள்ளி வெச்சுட்டே. அவர் மேலன்னுதான சொன்னாரு?"

"மேலதான் வெச்சேன்."

"நானும் மேலதான் வெச்சேன்."

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேலன்னா, யாருக்கு மேல?" என்றார்.

ஆபீசில் வலதுக்கும் இடதுக்கும் சட்டம் இருந்தது. மேலுக்கு யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. தமீமுக்கு மேல என்றால் மேற்கு. கீழ்நாட்டில் எல்லாத் தெருவுக்கும் அப்படித்தானே பெயர், மேலத் தெரு என்றால் மேற்குத் தெரு. எனக்கு மேல என்றால் மேடு. மலையில் பிறந்தவளுக்கு வேறு என்ன தோன்றும். அந்த ஊரோ மேற்குச் சரிவில் இருக்கிறது, மேடு கிழக்கே. அவன் மேற்கே தள்ள, நான் கிழக்கே தள்ள, அம்மன் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அறக்கட்டளையிலிருந்து படம் எங்கே என்று போன் வந்தபடி இருந்தது. உள்ளதைச் சொன்னால், தமீம் படம் சரியாக இருந்துவிடக் கூடாதா என்று எனக்கே ஆசையாக இருந்தது. அதை அனுப்பினால் மறுநாளே கடக்கால். மேடம் போனில், "அழகா இருக்கற படம் ஒண்ணு இருக்குங்க. அது நிஜமான்னு பாத்துட்டு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மலையேறினார்.

மரத்தடியில் ஊரே கூடியிருந்தது. கவுண்டர் எங்களைச் சூலத்துக்குக் கூட்டிப்போய், கையைக் கிழக்கே, மேட்டுப் பக்கம் காட்டினார். அங்கேதான் அம்மன். தமீம் விடவில்லை.

"அப்போ மேற்க இன்னான்னு சொல்வீங்க?"

"அது கீழ. ஆலங்காயம் கீழதானப்பா கீது? நீ ஏறிதான வந்தே?"

ஊர் சிரித்தது. நான் தமீமை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வை கொஞ்ச நேரம்தான் நிலைத்தது. கவுண்டர் லேப்டாப்பில் என் படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இன்னா நீ, அம்மாவ மண்ணுல பொதச்சுட்டியா?" என்றார்.

உண்மைதான். கிழக்கே ஒரு ஆள் நீளம் தள்ளியவள், மேடு ஏறினால் தரையும் ஏறும் என்பதை விட்டுவிட்டேன். ஒரு முழம் என்பதைச் சூலத்தின் அடியிலிருந்தே எண்ணியிருந்தேன். தமீமுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. பூசாரி அவனுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

மேடம் பூசாரியிடம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். பூசாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒக்காரும்மா, அவ இன்னா சொல்லப் போறா" என்றார். மேடம் செருப்பைத் தூரத்தில் விட்டுவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து, வெள்ளிக் கண்ணுக்குச் சமமாகத் தலையைத் தாழ்த்தி வடக்கே பார்த்தார். எங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவாரே, அதே மாதிரி.

நான் தமீமோடு உட்கார்ந்து கேமராவைச் சரியான இடத்தில் வைத்தேன். கிழக்கே ஒரு ஆள் நீளம், அந்த மண்ணிலிருந்து ஒரு முழம். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது, கிட்டமும் தூரமும். பள்ளிக்கூடத்தின் கூரைக்கு மேலே, அண்ணனின் உச்சி மட்டும், பிள்ளை எட்டிப் பார்ப்பது போலத் தெரிந்தது.

லேப்டாப் கை மாறிக் கை மாறிப் போனது. பெண்கள் முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் கவுண்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் தல தெரியுது" என்றார். "வெளக்கு வெக்கற பாற தெரியலியே. அது தோள்ல இல்ல கீது?"

விளக்கு வைக்கிற பாறை உச்சிக்குக் கீழே இருந்தது. கட்டடத்துக்குப் பின்னால். கூரையை இறக்க முடியாது, நிலத்தை நகர்த்த முடியாது, அம்மனை நகர்த்து என்று சொல்லும் வாய் யாருக்கும் கிடையாது. பின்னால் நின்ற ஒரு பெண், பெயர் சாந்தி, தன் மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு யாருக்கென்று இல்லாமல் சொன்னாள்: "இது இப்போ அஞ்சாவது. இதோட போச்சு."

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கவுண்டர் எழுந்து போய், கட்டடம் வரப்போகும் இடத்தில் சுண்ணாம்பு போட்டிருந்த கோட்டோரமாக நடந்தார். போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். பாதியில் நின்று, அம்மனைப் பார்த்தார், திரும்பி முகட்டைப் பார்த்தார். அங்கேயிருந்தே சத்தமாகச் சொன்னார்:

"வூடு கட்டனா நடுவுல நட வுடறோம். பள்ளிக்கூடத்துக்கு வுட்டா இன்னா, கொறஞ்சா பூடும்?"

நடை என்றால் இரண்டு பக்கத்து அறைகளுக்கும் நடுவே விடுகிற வழி. மேடம் மண்ணைத் தட்டாமலேயே எழுந்து வந்தார். "எங்க வுடணும்னு பாருங்க" என்று தமீமிடம் சொன்னார். அவன் வெள்ளிக் கண்ணிலிருந்து பாறையின் இந்த ஓரத்துக்கு ஒரு கோடு, அந்த ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்தான். இரண்டும் மூன்றாவது வகுப்பறைக்குள் புகுந்து போயின. அங்கே கட்டடத்தை வெட்டி, இரண்டாகப் பிரித்து, மீதி அறைகளைக் கிழக்கே தள்ளினான். கூரை இல்லாத அகலமான நடை ஒன்று நடுவில் வந்தது. பிள்ளைகள் சாப்பிட உட்காருவதற்கு ஆச்சு என்று கவுண்டரே அதற்கு ஒரு வேலையும் கொடுத்துவிட்டார்.

ஆபீசுக்குத் திரும்பி நான் செய்த படம் அது. நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அதைவிட நல்ல படம் நான் செய்ததில்லை. இரண்டு பக்கமும் மஞ்சள் சுவர், நடுவில் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் அண்ணன் உச்சி முதல் இடுப்பு வரை. பெரிசாக அச்சடித்து எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினோம். கவுண்டர் அம்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டிப் படத்தைப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார். படத்தை இறக்கி நிஜ முகட்டைப் பார்த்தார். தூக்கிப் படத்து முகட்டைப் பார்த்தார். இறக்கினார், தூக்கினார். பிறகு பூசாரியிடம் கொடுத்தார். பூசாரியும் அதே மாதிரி செய்தார். அதன் பிறகு வரிசை கட்டி நின்று ஊரே அதே மாதிரி செய்தது. கடைசி ஆள் எழுந்திருக்கும்போது கவுண்டர் வெற்றிலையை மென்றுகொண்டே, "தோண்டுங்க" என்றார்.

அறக்கட்டளை சொன்ன சொல் தவறவில்லை. பள்ளிக்கூடம் எழுந்தது. எங்கள் மூவரையும் திருவிழாவுக்குக் கூப்பிடுவார்கள், முடிந்தபோதெல்லாம் போவோம்.

நான் ஓய்வு பெற்ற வருசமும் போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். பம்பைச் சத்தம் நின்றது. பூசாரி அம்மனுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். வடக்கே பார்த்து உட்கார்ந்தேன். முகட்டில் விளக்கு ஏற்றிவிட்டதாகப் போன் வந்தது. எனக்குத் தெரியவில்லை. அம்மனுக்கும் தெரிந்திருக்காது. நடையில் இலைக்காக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம், விளக்கைப் பார்க்கிற ஆசையில் எழுந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். நடை முழுக்கத் தலை.

கவுண்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, ஒன் படத்துல எல்லாத்தியும் வெச்சியே. இதுங்கள வெக்காம வுட்டுட்டியே."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் கொடுத்தார்: "ஒக்காருங்கடா. அம்மாவுக்கு மறைக்குது."

முதலில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அடுத்து அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள். கடைசியில் நடையின் மறுமுனையில் ஒரே ஒரு தலை மட்டும் நின்றது. சாந்தியின் மகள், எட்டாவது படிப்பவள், நன்றாக உயர்ந்துவிட்டிருந்தாள். அவள் ஒரு நொடி கழித்துத்தான் திரும்பிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் தலை இருந்த இடத்தில் விளக்கு இருந்தது.